பறைக்குழுவுக்குச் சாதிச் சொல்லைப் பேராக வைக்கலாமா? உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு வழி

புதிதாகப் பறைக்குழு தொடங்கும் பிள்ளைகள், அடி பழகுவதற்கு முன்பே டீசர்ட் அடிக்க ஆள் பார்த்துவிடுகிறார்கள். கருப்புத் துணி, நெஞ்சில் பறையின் படம், அதற்குக் கீழே குழுவின் பேர். அந்த இடத்தில் "பறையன்டா" என்று போடலாமா அக்கா என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். வசவாக்கி நம்மேல் எறிந்த சொல்லை நாமே எடுத்து மாட்டிக்கொண்டால், எறிகிறவன் கையில் அப்புறம் என்ன மிஞ்சும் என்பது அவர்கள் வாதம். நான் விழுப்புரம் பக்கம் வார இறுதிகளில் பறை சொல்லிக்கொடுக்கிறவள். அந்தச் சொல்லைக் காதில் வாங்கியே வளர்ந்தவளும்கூட. இந்தக் கேள்வியோடு வரும் குழுவை எப்படிப் பேசவைக்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் முடிவும் நடுவில் வரும். அது பிடிக்காவிட்டால் தள்ளிவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேச உட்காரும்போது முதலில் எந்தச் சொல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பாதிச் சண்டை இதைப் பிரிக்காததால் வருவதுதான். பறை என்பது கருவியின் பேர். அதைச் சொல்லக் கூசி, அந்தக் கருவிக்கு இருக்கும் இன்னொரு பேரான "தப்பு" என்றே சொல்லிவந்த காலம் ஒன்று உண்டு. என் அப்பா தலைமுறை, சாவுக்கு இனி அடிக்க மாட்டோம் என்று நிறுத்தியது. பல ஊர்களில் பறையைக் கிழித்தும் எரித்தும் போட்டார்கள். அடுத்த தலைமுறை அதே பறையை 1990களில் தலித் கலை விழா மேடைகளுக்குக் கொண்டுபோனது. இப்போது கல்லூரி விழாவிலும் அமெரிக்கத் தமிழ்ச்சங்கத்திலும் அடிக்கிறார்கள், 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. ஆகவே கருவியின் பேரை மீட்கலாமா என்று கூட்டம் போட வேண்டாம், அது மீண்டாயிற்று. மீட்டது யார் என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முதலில் அடிக்க மறுத்தார்கள், பிறகுதான் விரும்பி அடித்தார்கள். மறுப்பு முன்னால் வந்திராவிட்டால் விருப்பத்துக்கு மரியாதை கிடைத்திருக்காது.

சாதியின் பேர் வேறு விஷயம். சான்றிதழில் அது வெறும் வகை. டீக்கடையில், வயல் வரப்பில், பள்ளிக்கூடத்துக் கழிப்பறை வாசலில் அதே பேர் அடி. நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

கூட்டம் தொடங்கிய உடனே யாராவது ஒருவர் புறநானூறு 335ஐ எடுப்பார். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளைத் தவிர வேறு குடி இல்லை என்று மாங்குடி கிழார் பாடியிருக்கிறாரே, இது பெருமையான பேர்தானே என்பார். பாட்டு உண்மை, பெருமையும் உண்மை. ஆனால் அதைப் படித்துவிட்டு இரட்டைக் குவளையைத் தூக்கிப்போட்ட டீக்கடைக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை. மேடைப் பேச்சுக்குப் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க அது உதவாது.

உதவுவது அதற்குப் பின்னால், நம் மக்களின் உரிமைக்குப் பேசிய இரண்டு தலைவர்களுக்கு நடுவில் நடந்த ஒரு பழைய வாக்குவாதம். குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் இரட்டைமலை சீனிவாசன், மறுபக்கம் அயோத்திதாசப் பண்டிதர் என்று வைத்துப் பேசச் சொல்லுங்கள். இருவரும் மைத்துனர்கள், அயோத்திதாசர் மணந்தது சீனிவாசனின் உடன்பிறந்தவரை. சீனிவாசன் 1893இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் "பறையன்" என்றே பேர் வைத்தார். 1900 வரை அது நடந்தது. நம்மில் படித்து மேலே போனவர்கள் சாதியை மறைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், நான்தான் அவன் என்று முன்னால் வந்து நிற்காதவரை உரிமை கேட்க ஆளே இருக்காது என்பது அவர் கணக்கு. அயோத்திதாசருக்கு அந்தப் பேரே ஆகாது. நாம் பூர்வ பௌத்தர்கள், பகைவர்கள் இழிவுபடுத்த வைத்த பேரை நாமே எதற்குச் சுமக்க வேண்டும் என்றார். மக்கள்தொகைக் கணக்கில் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியச் சொன்னார். 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பேர் "ஒரு பைசாத் தமிழன்". சாதிப் பேர் இருந்த இடத்தில் தமிழன் வந்து உட்கார்ந்தான்.

இரண்டு கட்சியையும் பிள்ளைகள் முழு மூச்சாகப் பேசட்டும். பாதியில் கட்சி மாற்றிவிடுங்கள். சீனிவாசனுக்காகப் பேசியவர்கள் இப்போது அயோத்திதாசருக்காகப் பேச வேண்டும். அப்போதுதான் தெரியும், எதிர்க்கட்சியும் நம் வீட்டுக் கட்சிதான் என்று.

பேசி முடித்ததும் அடுத்து நடந்ததைச் சொல்லுங்கள். நம் மக்களின் இன்னொரு தலைவரான எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, 1922இல் அரசுப் பதிவேடுகளில் பறையன், பஞ்சமன் என்பவை போய் ஆதிதிராவிடர் வந்தது. காந்தி 1930களில் ஹரிஜன் என்ற பேரைப் பரப்பினார். பேர் மாறிற்று, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த பாதை அப்படியே இருந்தது. கொஞ்ச நாளில் புதுப் பேரையே மூக்கைச் சுளித்துக்கொண்டு சொல்லக் கற்றுக்கொண்டார்கள். சும்மா குடியிருப்பு என்று பொருள்படும் "காலனி"கூட எங்கள் பக்கம் அப்படித்தான் ஆனது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டி வந்தது. அதனால் பேரை மாற்றினால் இழிவு போய்விடும் என்கிறவர்களுக்கு இந்த நூறு வருஷக் கதை சாதகமாக இல்லை. சீனிவாசன் பக்கம் நிற்கும் பிள்ளைகள் இங்கே உற்சாகமாகிவிடுவார்கள். ஒரு பெண் இப்படிக் கேட்டாள்: "மறைச்சா மட்டும் விட்டாங்களா அக்கா?" அதற்கு எளிய பதில் எதுவும் என்னிடம் இல்லை.

அதே கூட்டத்தில் ஒரு மூத்த கலைஞரும் இருந்தார். பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்பார்கள். டீசர்ட் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்த வார்த்தையைச் சொல்லித்தாம்மா கூலியே குடுத்தாங்க. அதை இன்னும் சட்டையில வேற போட்டுக்கணுமா?" என்றார். யாருக்கும் பேச்சு வரவில்லை.

அதனால் யார் முதலில் பேசுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். இதுதான் இந்த முறையில் முக்கியமான இடம். மைக் பழக்கம் உள்ளவர், சென்னையில் வேலை பார்ப்பவர், புத்தகம் படித்தவர் (என்னையும் சேர்த்துத்தான்) கடைசியில் பேச வேண்டும். இன்றைக்கும் ஊரில் குடியிருப்பவர்கள் முதலில். அவர்களிலும் பெண்கள் முதலில், ஏனென்றால் அந்தச் சொல்லின் பெண்பால் வடிவம் வரும்போது கூடவே வேறொரு பேச்சும் சேர்ந்து வரும். அதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "கடைசியாக இந்தச் சொல்லை எங்கே, யார் வாயால் கேட்டாய்?" கருத்து கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். கருத்து என்றால் எல்லாரும் வீரமாகப் பேசிவிடுவார்கள். சம்பவம் சொல்லும்போதுதான் யாருக்கு அது பழைய கதை, யாருக்குப் போன வாரத்துக் கதை என்று பிரியும்.

இப்போது பெரும்பாலான குழுக்கள் கலப்புக் குழுக்கள். பறை பிடித்துப்போய் மற்ற சாதிப் பிள்ளைகளும் வருகிறார்கள், நன்றாகவே அடிக்கிறார்கள். அவர்கள் கூட்டத்தில் உட்காரலாம், கேட்கலாம். இந்த ஒரு முடிவில் மட்டும் அவர்களுக்கு வாக்கு கிடையாது. முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள், நல்ல பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும்.

கலப்புக் குழுவில்தான் இந்த விஷயத்தின் முடிச்சே தெரியவரும். அந்த டீசர்ட்டை அவர்களும் போடுவார்களா? போட்டால் அது என்ன? நிகழ்ச்சித் தொகுப்பாளர் மைக்கில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்? அழைப்பிதழில் அச்சிடும் அச்சகக்காரர், வாழ்த்துச் சொல்லும் கல்லூரி முதல்வர், வண்டி பேசும் டிரைவர் எல்லாரும் உங்கள் பேரைச் சொல்லியாக வேண்டும். பேர் நாம் சொல்லிக்கொள்வதற்கு இல்லை, அடுத்தவர் நம்மைக் கூப்பிடுவதற்கு. ஒரு சொல்லை உங்கள் வசம் எடுத்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால், அதைக் குழுப் பேராக வைத்த அன்றே ஊரார் அத்தனை பேர் வாயிலும் கொடுத்துவிட்டீர்கள்.

பாட்டு அப்படி இல்லை. பாட்டில் அந்தச் சொல்லை யார் சொல்கிறார், எந்த அடிக்கு மேல் வைத்துச் சொல்கிறார், சொல்லி நிறுத்தியதும் பறை என்ன பேசுகிறது எல்லாம் உங்கள் கையில். அதனால் என் முடிவு இது: பாட்டில் வேண்டும், பேராக வேண்டாம். சீனிவாசன் மட்டும் பேராகவே வைத்தாரே என்றால், அவர் பத்திரிகை ஆசிரியர். ஒவ்வொரு இதழிலும் அந்தப் பேருக்குக் கீழே தன் வாதத்தை எழுதி வைக்க அவருக்கு இடம் இருந்தது. டீசர்ட்டில் அந்த இடம் இல்லை.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் சொல்வேன், நீதிமன்றம் போய் ஜெயிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக. அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி இளைஞர்கள் சிலர், தங்கள் கண்ணைக் கேலி செய்யும் ஓர் இனவசவையே "தி ஸ்லான்ட்ஸ்" என்று இசைக்குழுவின் பேராக வைத்தார்கள். இழிவான பேர் என்று சொல்லி வணிகக்குறி அலுவலகம் பதிய மறுத்தது. குழுவின் சைமன் டாம் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 2017இல் ஜெயித்தார். இழிவான பேர்களைப் பதியக் கூடாது என்ற சட்டப்பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதே பிரிவின் கீழ்ச் சிக்கியிருந்த இன்னொரு பேர், அமெரிக்கப் பூர்வகுடிகளை இழிக்கும் "ரெட்ஸ்கின்ஸ்". அது வாஷிங்டன் கால்பந்து அணியின் பேர், அதை வைத்தது பூர்வகுடிகள் இல்லை. சைமன் டாமின் வெற்றி அந்த அணிக்கும் வெற்றியாகிவிட்டது. அவர்கள் பேரை விட்டது 2020இல், வேறு நெருக்கடியால். சொல்கிற வாய் யாருடையது என்று சட்டம் பார்த்துப் பிரிக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் சட்டம் அந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் செய்தால்தான் குற்றம் என்று தொடங்குகிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பேரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவில் தனியாகவே இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. "நீங்களே பாட்டில் பாடுறீங்களே, நான் சொன்னா என்ன?" என்று ஒருவர் கேட்டால், அந்தப் பிரிவில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. ஆனால் மூடிய வீட்டுக்குள் வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னது இந்தப் பிரிவில் நிற்காது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் நிகழ்ச்சி நடந்த இடத்தில் யாராவது திட்டினால் நாள், நேரம், இடம், அருகில் நின்றவர்கள் பேர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். புகாரில் அந்தச் சொல்லை அப்படியே எழுதுங்கள். "சாதியைச் சொல்லித் திட்டினார்" என்று பொதுவாக எழுதாதீர்கள். விசாரணை அதிகாரி டிஎஸ்பி பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மலேசியாவுக்குப் போகும் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே சாதி என்றால் என்னவென்றே அறியாதவர்கூட, பறையர் என்ற பேரிலிருந்து வந்த "பரியா" என்பதை வெறும் வசவாகப் பயன்படுத்துவது உண்டு. 2011இல் பாடநூலாக வைத்த ஒரு மலாய் நாவலில் அந்தச் சொல் வந்ததற்கு அங்குள்ள இந்தியர்கள் பெரிதாகப் போராடி, கடைசியில் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கவைத்தார்கள். உங்கள் பாட்டின் விளக்கம் சுவரொட்டியோடு கடல் தாண்டிப் போகாது. அங்கே பாடப்போகிற பாட்டை முன்பே ஏற்பாட்டாளர்களோடு பேசிவிடுங்கள்.

இனி வாக்கெடுப்பு. பாட்டில் வைப்பதற்குப் பெரும்பான்மை போதும், விருப்பமில்லாதவர் அந்தப் பாட்டுக்கு மட்டும் பறையைக் கீழே வைத்துவிடலாம். பேராக வைப்பதற்கு ஒருவர் வேண்டாம் என்றாலும் கைவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். டீசர்ட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஊருக்குத் திரும்பப்போகிறவர் அவர்தான். வாடகைக்கு வீடு தேடுகிறவர், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர், முதலாளியிடம் எங்கிருந்து வருகிறோம் என்பதையே மறைத்து வைத்திருக்கிறவர் என்று எத்தனையோ இருக்கும்.

பாட்டில் வைக்க முடிவானால் முதல் மேடை சென்னையாக இருக்க வேண்டாம். அங்கே கைதட்டத்தான் வருகிறார்கள். உங்கள் குழுவில் ஒருவருடைய சொந்தத் தெருவில், பொழுது சாய்ந்த பிறகு, வைக்கோல் மூட்டிப் பறையைக் காய்ச்சி அடித்துப் பாடிக் காட்டுங்கள். கிழவிகள் எழுந்து உள்ளே போனால் வரியை மாற்றுங்கள். பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து நின்றால் அன்றைக்கு யார் பேசுவது, யார் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போவது என்பதை முன்கூட்டியே பிரித்துவையுங்கள்.

முடிவை நோட்டில் தேதியோடு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். புதியவர்கள் சேரும்போதெல்லாம் திறந்து மறுபடி கேட்க வேண்டும், அதனால் டீசர்ட்டை மொத்தமாக அடித்து வைத்துக்கொள்ளாதீர்கள்.