டைரக்டரா, பார்ட்னரா? ஆலோசனை நிறுவனங்களின் மேல்நிலைப் பதவிகளை ஒப்பிடும் முறை

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்து, கோலாலம்பூரின் ஆலோசனை நிறுவனங்களில் மேலாளர் நிலைக்கு உயர்ந்திருக்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஓர் இடத்தில் டைரக்டர் பதவி தருகிறார்கள், இன்னோர் இடத்தில் பார்ட்னர் ஆக்குவதாகச் சொல்கிறார்கள், எதற்குப் போகலாம், அண்ணா?" இதற்கான விடையைத் தேட வேண்டிய இடம் ஒப்பந்தமே என்பதால், அதைப் படிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

நம் தோட்டங்களில் பெரிய துரை (நிர்வாகி), சின்ன துரை (துணை நிர்வாகி), கிராணி (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்) என்று படிகள் இருந்தன. பங்களாவில் வாழ்ந்த பெரிய துரையும் பெரும்பாலும் சம்பளக்காரரே; தோட்டம் கடல் கடந்த கம்பெனியின் பங்குதாரர்களுக்குச் சொந்தமாக இருந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதை (தோட்டத் துண்டாடல்) எதிர்கொள்ள, நம் ஊரில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் மரம் சீவிய தொழிலாளி பங்கு வாங்கி உரிமையாளர்களில் ஒருவரானார். எந்தப் பதவியைப் பார்த்தாலும், அதில் இருப்பவர் துரையைப் போன்றவரா, பங்கு வாங்கிய அந்தத் தொழிலாளியைப் போன்றவரா என்று முதலில் கேளுங்கள்.

ஒரு தாளில் இரு நிறுவனங்களின் படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, பார்ட்னருக்கு நேர் கீழே உள்ள படியை வட்டமிடுங்கள். பெரிய ஆலோசனை நிறுவனங்களில், மெக்கின்சியில் அது அசோசியேட் பார்ட்னர், பிடபிள்யூசியில் டைரக்டர், பிசிஜியில் (பாஸ்டன் கன்சல்டிங் குரூப்) நெடுங்காலமாகப் பிரின்சிபல். ஆகவே ஓரிடத்து டைரக்டரும் மற்றோரிடத்து அசோசியேட் பார்ட்னரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கக்கூடும். இன்னொரு ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சர் 2001 முதல் நியூயார்க் பங்குச் சந்தையில் இருக்கும் பொது நிறுவனம் என்பதால், அங்கே மேனேஜிங் டைரக்டருக்குச் சம்பளமும் கம்பெனிப் பங்குகளும் கிடைக்கும். மூலதனம் போட்டு உள்ளே நுழையும் வழக்கம் இல்லை.

அடுத்ததாக, பார்ட்னர் என்ற சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூலதனம் போட்டு, லாபத்தில் பங்கும் வாக்குரிமையும் பெறுபவர் ஒரு வகை. நிர்ணயித்த தொகையை மட்டும் பெறுபவர் இன்னொரு வகை. விசிட்டிங் கார்டில் இருவருக்கும் ஒரே பெயர்தான். நான் பார்ட்னர் ஆன முதல் ஆண்டில், கூட்டத்தில் வாக்குச் சீட்டு என் வலப்பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்கப்பட்டது. பிறகு என்னைத் தாண்டி இடப்பக்கத்தில் இருந்தவருக்குப் போனது. எனக்கு வாக்கில்லை என்பது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இரண்டே வரியில் எழுதப்பட்டிருந்தது. நான் முகப்புக் கடிதத்தை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த மாலை எனக்கு இன்றும் வலிக்கிறது. பின்னிணைப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

வாக்கில்லாதவருக்குப் பொறுப்பும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். மலேசியாவின் 1961-ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டப்படி, பங்காளிகள் (பார்ட்னர்கள்) நிறுவனத்தின் கடனுக்குத் தங்கள் சொந்தச் சொத்தோடு பொறுப்பாளிகள். தம்மைப் பங்காளியாகக் காட்டிக்கொள்பவரும், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்பாக நேரிடும். பெயர் 'பிஎல்டி' என்று முடிந்தால், அது 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவான வரையறுக்கப்பட்ட பொறுப்புப் பங்காண்மை. அங்கே நிறுவனத்தின் கடன் உங்கள் வீட்டைத் தொடாது, உங்கள் சொந்தத் தவறுக்கு மட்டும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

இனி, பெற்றோரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. டைரக்டராக மாதம் 25,000 ரிங்கிட் சம்பளம் பெறுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300,000, அதன் மேல் முதலாளி செலுத்தும் 12 விழுக்காட்டு ஈபிஎஃப் (ஊழியர் சேம நிதி) 36,000, மொத்தம் 336,000. பார்ட்னராக லாபப் பங்கு 360,000 வரும் என்கிறார்கள். ஆனால் 300,000 ரிங்கிட் மூலதனத்தை 5 விழுக்காட்டு வட்டிக்கு வங்கியில் வாங்கிப் போட்டால், முதல் ஆண்டு வட்டியே ஏறத்தாழ 15,000 ஆகும். மிஞ்சுவது 345,000. வித்தியாசம் 9,000 ரிங்கிட்தான், அதிலும் கடனின் அசலை இன்னும் கழிக்கவில்லை. பங்காளி தொழிலாளர் அல்லர் என்பதால் அவருக்காக ஈபிஎஃப் கட்ட முதலாளி என்று யாரும் இல்லை. மருத்துவக் காப்புறுதியையும் அவரே பார்த்துக்கொள்ள நேரலாம். வழக்கமான பங்காண்மையில் வருமான வரியும் சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படாது. வரி வாரியம் அனுப்பும் சிபி500 என்ற அறிவிப்பின்படி, இரண்டு மாதத்திற்கு ஒரு முறை தவணையாகக் கட்ட வேண்டும். லாபம் குறையும் ஆண்டில் 360,000 என்ற எண்ணே மாறிவிடும். ஆகவே கடந்த மூன்று ஆண்டுகளில் அதே நிலையில் இருந்தவர்கள் உண்மையில் பெற்ற தொகையைக் கேட்டு வாங்கி, மிகக் குறைந்த ஆண்டை வைத்து இந்தக் கணக்கை மீண்டும் போடுங்கள்.

பார்ட்னர் பாதையில் உங்களை எடைபோடுவது பெரும்பாலும் நீங்கள் கொண்டுவரும் வாடிக்கையாளர்களை வைத்தே. நாளை நீங்கள் வேறிடம் போனால் உங்களை நம்பி வேலை கொடுக்கக்கூடிய வாடிக்கையாளர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். மூன்று பெயர்கள்கூட வராவிட்டால், இரண்டு ஆண்டுகள் டைரக்டராக இருந்து உறவுகளை வளர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

வெளியேறும் விதிகளையும் இப்போதே படித்துவிட வேண்டும். போட்ட மூலதனம் எத்தனை தவணையில், எவ்வளவு காலத்தில் திரும்பும்? 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, வேலையை விட்ட பிறகு போட்டித் தொழில் செய்யக் கூடாது என்று ஒரு தொழிலாளர் மீது விதிக்கும் தடையைச் செல்லாததாக்குகிறது. அதே பிரிவு, பங்காண்மை கலையும்போது பங்காளிகள் தங்களுக்குள் அத்தகைய தடைக்கு வரம்போடு உடன்பட இடம் தருகிறது. டைரக்டராக இருக்கும்போது உங்களைக் காக்கும் சட்டம், பங்காளியான பின் அதே அளவுக்குக் காக்காமல் போகலாம்.

ஒப்பந்தத்தைப் பின்னிணைப்புகளோடு முழுமையாக அனுப்பச் சொல்லி, பதில் தர இரண்டு வாரம் கேளுங்கள். நிறுவனம் பரிந்துரைக்கும் வழக்கறிஞரிடம் போகாமல், ஈப்போவில் நீங்களே தேர்ந்தெடுத்த ஒருவரிடம் கட்டணம் கொடுத்து, வாக்குரிமை, பொறுப்பு, மூலதனத் திருப்பம் ஆகிய மூன்று பகுதிகளையும் வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.