கோர்வை வந்ததும் மூச்சு நின்றுவிடுகிறதா? மிருதங்கம் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

என்னிடம் மிருதங்கம் கற்கும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கோர்வை (திரும்பத் திரும்ப வந்து, தாளத்தில் சரியான இடத்தில் போய் முடிகிற சொற்கட்டு) வாசித்ததைப் போனில் பதிவு செய்தேன். வாத்தியத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டிய போனைத் தெரியாத்தனமாக அவன் முகத்துக்கு நேராக ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டேன். போட்டுக் கேட்டால், கோர்வை தொடங்குகிற இடத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு இழுப்பு, அப்புறம் எடுப்பில் (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தில்) வந்து 'தா' விழுகிற வரைக்கும் மூச்சுச் சத்தமே கிடையாது, விழுந்த மறு நொடி கிணற்றுக்குள்ளிருந்து தலை தூக்கினவன் மாதிரி ஒரு 'ஹா'. அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அன்று ராத்திரி என்னுடைய பழைய தனி (கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஒன்றைப் போட்டுக் கேட்டேன், அதிலும் அதே 'ஹா'.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதி தாளம், நிமிடத்துக்கு 75 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரம் கொண்ட ஒரு சுற்று, 6.4 விநாடி. நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒரு கோர்வை என்றால் 25 விநாடிக்கு மேல். அவ்வளவு நேரம் தொண்டையை அடைத்து மூச்சைப் பிடித்தால் நெஞ்சும் வயிறும் பலகை மாதிரி இறுகிவிடும். அரிசி மூட்டை தூக்க அது சரி. விநாடிக்கு ஐந்தோ பத்தோ சொல் ('தா', 'தி' மாதிரி ஒவ்வொரு அடிக்கும் உள்ள ஒலி) பேச வேண்டிய விரலுக்கு அது விலங்கு. தோள் காதை நோக்கி ஏறும், முன்கை கல்லாகும், விரல் தோலிலிருந்து எழும்ப ஒரு கணம் தாமதிக்கும், அந்தத் தாமதத்தை ஈடுகட்ட நாம் காலத்தை ஓட்டுவோம். 'ஓடாதே, ஓடாதே' என்று வாத்தியார் கத்துவது பாதி நேரம் தாளத்தைப் பற்றியது என்று நினைக்கிறோம், எனக்கென்னவோ அது மூச்சைப் பற்றியது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

சரி, மூச்சு ஏன் நிற்கிறது? பயம். சரியாக எடுப்பில் போய் விழுவோமா என்கிற பயம். அதனால் 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எந்தப் பிரயோஜனமும் இல்லை. வாயில் ஏறாத சொல்லைக் கையில் ஏற்றியதுதான் முதல் தவறு. தாளம் போட்டுக்கொண்டு சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு யாராலும் பேச முடியாது, பேசினாலே காற்று வெளியே வந்தாக வேண்டும், அதனால் இப்படி வாயால் சொல்லும் கொன்னக்கோலில் மூச்சு எங்கே வாங்குவது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, நாக்கே இடம் பார்த்துக்கொள்ளும். பிறகு சொல்லிக்கொண்டே வாசியுங்கள். பிறகு முணுமுணுப்பு. பிறகு உதடு மட்டும். எந்த இடத்தில் வாய் அடைக்கிறதோ அந்த இடம் இன்னும் பாடம் ஆகவில்லை என்று அர்த்தம், கையை மறுபடி ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அங்கே திரும்பிப் போங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத் தாண்டிக்கொண்டு நேராக மிருதங்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள், நானும் அந்த ஒன்பதில் இருந்தவன்தான்.

கார்வையைக் (சொல்லுக்கு நடுவில் விடுகிற இடைவெளியைக்) கண்டு பயப்படுவது இதோடு ஒட்டிய இன்னொரு தவறு. 'ததிகிணதொம்' என்று ஐந்து சொல் மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு கார்வை, ஆக 5, 2, 5, 2, 5 என்று 19. இந்த இரண்டு இரண்டில்தான் ஆள் விறைத்துப் போகிறார்: கையில் வேலை இல்லாததால் மனது எண்ண ஆரம்பிக்கிறது, எண்ணும்போது தாடை கடித்துக்கொள்கிறது. முன்னே சொன்ன வேகத்தில் அட்சரத்துக்கு நான்கு சொல் வைத்தால் அந்தக் கார்வை 0.4 விநாடி. பெரிய மூச்சு வாங்க அது போதாது, வாங்கவும் வேண்டாம், உதடு லேசாகத் திறந்திருந்தால் தேவையான காற்று தானாக உள்ளே வரும்.

இதைக் கேட்டுவிட்டு நேர் எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு. நான்கு அட்சரம் உள்ளே, நான்கு அட்சரம் வெளியே என்று பிராணாயாமத்தைத் தாளத்தில் கட்டிவைத்து வாசிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி இழுத்து இழுத்து விட்டதில் பாதி சர்வலகுவிலேயே (கணக்கு இல்லாமல் காலத்தோடு ஓடும் எளிய வாசிப்பிலேயே) தலை சுற்றி, விரல் நுனி மரத்த மாதிரி ஆகிவிட்டது என்றார். தேவைக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து அப்படித்தான் ஆகும். மூச்சுக்குத் தாளம் போட வேண்டாம். அதை அடைக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது உட்காருகிற விதம். இறுக்கமான ஜீன்ஸும் பெல்ட்டும் போட்டுக்கொண்டு, முழுச் சாப்பாடு முடித்துவிட்டு, சம்மணம் போட்டுக் குனிந்து உட்கார்ந்தால் வயிறு எங்கே போய் விரியும்? மூச்சு மேல்மார்புக்கு ஏறும், கழுத்துத் தசைகள் விலா எலும்பைத் தூக்க ஆரம்பிக்கும், தோள் கூடவே ஏறும். ஒரு போர்வையை நாலாக மடித்து இருக்கைக்கு அடியில் வையுங்கள், இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். வேட்டி கட்டுகிறவர்கள் முடிச்சைத் தொப்புளுக்குக் கீழே தளர்த்திக் கட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய வாத்தியத்தைக் கொடுப்பது இன்னொரு கொடுமை. மேல் ஸ்ருதிக்குச் சுமார் 22 அங்குலம், கீழ் ஸ்ருதிக்குச் சுமார் 24 அங்குலம் என்று நீளம் மாறும். அண்ணன் வாசித்தது வீட்டில் இருக்கிறதே என்று அந்த 24 அங்குலத்தைக் கொடுத்தால், தொப்பியை (வாத்தியத்தின் இடது முகத்தை) எட்டவே குழந்தை இடது தோளைத் தூக்க வேண்டியிருக்கும், பத்து வருடம் கழித்து அந்தத் தோளை இறக்குவதற்குள் உயிர் போய்விடும்.

நாதம் வரவில்லை என்றால் ஓங்கி அடிப்பது எல்லாருக்கும் உள்ள வியாதி. வலந்தலையில் (வலது முகத்தில்) 'நம்' வாசிக்கும்போது மோதிர விரலைப் பாருங்கள். அது கரணையின் (நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தின்) ஓரத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், சுட்டு விரல் மீட்டில் (வெளி ஓரத் தோல் வளையத்தில்) பட்டுத் தெறிக்க வேண்டும். மோதிர விரல் அழுந்தினால் மணி மாதிரி வர வேண்டிய ஒலி 'டக்' என்று செத்துவிடும். ஒலி செத்ததும் சுட்டு விரலை இன்னும் பலமாக அடிப்போம், அடிக்கிற வேகத்தில் மோதிர விரலும் சேர்ந்து அழுந்தும், நன்றாகச் சுழன்று மாட்டிக்கொள்வோம். தொப்பியில் கதை வேறு. அங்கே தடவிய ரவை காய்ந்து போயிருக்கும், கும்மென்ற 'தொம்' போய்விடும், நாமோ கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு தோளிலிருந்து ஓங்குவோம். ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுப் பிசைந்துவிட்டால் தீர்ந்தது. மேடையில் மானிட்டர் சரியாக இல்லாமல் தன் வாசிப்பு தன் காதில் விழாதபோதும் இதே கதைதான், கை தானாக ஓங்கும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று ஒரு காலத்தில் பிடிவாதமாக இருந்தவர். நமக்கு அந்தத் தைரியம் கிடையாது, கச்சேரிக்கு முன்னால் ஒலி அமைப்பாளரிடம் போய்ப் பணிவாக இரண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

கஞ்சிரா (கையில் பிடித்து வாசிக்கும் சிறு தோல் வாத்தியம்) வாசிக்கிறவர்களுக்கு இடது கைப் பிடிதான் எமன். ஸ்ருதியை மாற்ற விரல் நுனியால் தோலை அழுத்துவது வேறு, சட்டத்தையே நெரிப்பது வேறு, இரண்டாவதைச் செய்கிறவருக்குத் தனி தொடங்கிய ஐந்தாவது நிமிடம் முன்கை எரியும். கடம் வாசிக்கிறவர்கள் பானை வாயை வயிற்றில் வைத்து ஒலியைத் திறந்து மூடுகிறவர்கள், வயிற்றை இறுக்கினால் அவர்களுக்கு வாத்தியமே போச்சு.

'தளர்வாக வாசி' என்றதும் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மணிக்கட்டைத் துவண்ட கீரை மாதிரி தொங்கவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கையில் சாப்பு (கணீரென்று ஒலிக்கும் அடி) வராது. முதுகு நிமிர்ந்திருக்கட்டும், அடி விழுகிற கணத்தில் கை உறுதியாகவே இருக்கட்டும், விழுந்த அடுத்த கணம் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அப்புறம், சாதகம் (பயிற்சி) பண்ணினால் அசதி வரும், வரட்டும். குத்துகிற வலியோ, மரத்துப் போவதோ, சுறுசுறுவென்று விரலில் ஓடுவதோ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள், மறுநாளும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். 'வலித்தால்தான் வித்தை வரும்' என்று பெருமையாகச் சொல்லித் திரிந்த சிலர் இப்போது வாசிப்பதே இல்லை.

அந்தப் பையனை ஒரு மாதம் வாயாலேயே சொல்லவைத்து, போன வாரம் அதே ஸ்டூலில் போனை வைத்து மறுபடி பதிவு செய்தேன். 'ஹா' இல்லை. அதற்குப் பதில் 'ததிகிணதொம்' என்று அவன் முணுமுணுப்பது முழுக்கக் கேட்கிறது, முதல் கார்வையில் மெல்லிசாக ஒரு மூச்சு. இரண்டாவது கார்வையில் வாய் சரியாக இரண்டு விடுகிறது, கை ஒன்றிலேயே கிளம்பிவிடுகிறது.