பிப்பிலிருந்து யூவிக்கு மாறலாமா? குழுவில் பேசி முடிவெடுப்பது எப்படி

பிப், யூவி இரண்டும் பைதான் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவிகள்; பிப் பழையது, யூவி புதியது. பைதான் ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் "பிப்பை விட்டுவிட்டு யூவிக்குப் போவோம்" என்று யாராவது ஆரம்பித்தால் பேச்சு நேராக வேகத்துக்குத்தான் போகும். யூவி வேகமானதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பல வருடம் பிப்போடு வேலை செய்தவர் "எனக்கு மெதுவாகத் தெரியவில்லையே" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அதனால் முதலில் உங்கள் திட்டத்தில் எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள். சிஐ-யில் (கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் அமைப்பு) இன்ஸ்டாலுக்கு எத்தனை நிமிடம் போகிறது, புதிதாக வருபவர் எந்தப் படியில் மாட்டிக்கொள்கிறார், போன மாதம் ஓடிய பில்ட் இந்த மாதம் ஏன் விழுகிறது. கேச் (முன்பே இறக்கி வைத்த ஃபைல்கள்) காலியாக ஒருமுறை, கேச் இருக்கும்போது ஒருமுறை என்று நீங்களே அளந்து, இரண்டு எண்ணையும் போடுங்கள்.

அடுத்து, யாருக்கு என்ன மாறும் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துபவர் எப்போதும் போல பிப்பாலேயே இன்ஸ்டால் செய்யலாம், மாறுவது உள்ளே வேலை செய்பவர்களின் கருவி மட்டும்தான். இதைச் சொல்லாமல் விட்டதாலேயே பாதிச் சண்டை வருகிறது.

அப்புறம் எதிர்ப்பவர்களின் கேள்விகள். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொல்வதில் நிறைய உண்மை இருக்கிறது. அலுவலகத்துக்குள் தனி இன்டெக்ஸ் (பேக்கேஜ்கள் கிடைக்கும் இடம்) வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிப் எல்லா இன்டெக்ஸிலும் தேடி உயர்ந்த பதிப்பை எடுக்கும், அதனால் உங்கள் உள் பேக்கேஜின் பெயரிலேயே வெளியாள் ஒருவர் பெரிய பதிப்பு எண்ணோடு ஒன்றை ஏற்றினால் அதுவே வந்து உட்காரும் ஆபத்து உண்டு. யூவி, பெயர் கிடைத்த முதல் இன்டெக்ஸோடு நின்றுவிடும். இது பாதுகாப்பானது, நான் இதையே விரும்புகிறேன், ஆனால் பழைய நடத்தையை நம்பியிருந்தவருக்கு மாறிய அன்றே தேவையான பதிப்பு கிடைக்காமல் போகலாம். பிப்பின் கான்ஃபிக் ஃபைலையும் யூவி படிக்காது. இன்ஸ்டால் செய்யும்போது பைட்கோடும் (பைதான் ஓட்டுவதற்காகக் கோடை மாற்றி வைக்கும் வடிவம்) தானாக உருவாக்காது, கேட்டால்தான் செய்யும், அதனால் கன்டெய்னரில் முதல் ஓட்டம் மெதுவாகத் தோன்றும். இதையெல்லாம் அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் எழுதிவிடுங்கள்.

"பிப் தன்னார்வலர்கள் பராமரிப்பது, யூவி அஸ்ட்ரல் என்ற நிறுவனம் உருவாக்கியது, நாளைக்கு என்ன ஆகும்?" என்பது நியாயமான கவலை. எம்ஐடி, அப்பாச்சி உரிமங்களில் இருப்பதால் ஃபோர்க் செய்யலாம், அதாவது கோடை நகலெடுத்துத் தனியாகத் தொடரலாம் என்பது ஒரு பதில். அது மட்டும் போதாது, திரும்பி வரும் வழியையும் காட்டுங்கள்: டிபென்டன்சிகளை (உங்கள் திட்டத்துக்குத் தேவையான பேக்கேஜ்களை) பைப்ராஜெக்ட் ஃபைலில் நிலையான வடிவத்தில் வையுங்கள், சரியான பதிப்புகளைக் குறித்து வைக்கும் யூவியின் லாக் ஃபைலை ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து பிப்பால் ஒருமுறை இன்ஸ்டால் செய்து பாருங்கள்.

யார், எந்தத் தேதிக்குள், எதை வைத்து முடிவெடுப்பார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முடிவெடுக்கும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: கோ மொழியில் டெப் என்ற டிபென்டன்சி கருவிக்காகப் பலர் உழைத்தார்கள், 2018 பிப்ரவரியில் கோ குழுவின் ரஸ் காக்ஸ் வேறொரு வடிவமைப்பை முன்வைத்தார், அதே வருடம் ஆகஸ்டில் கோ 1.11-இல் அந்த வடிவமைப்பு மாட்யூல்ஸ் என்ற பெயரில் வந்தது. மாட்யூல்ஸ் நன்றாகவே நிலைத்தது, ஆனால் முடிவெடுத்த விதத்தில் உழைத்தவர்களுக்கு மனம் கசந்தது.

சரி, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றால் ஒரு ரிலீஸ் வரைக்கும் இரண்டு வழியையும் டாக்குமென்டில் வையுங்கள். அதற்கு அப்புறமும் சிஐ-யில் பிப்பால் இன்ஸ்டால் செய்து பார்க்கும் ஜாப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.