குர்குமினை மூளைக்குக் கொண்டுசெல்லும் நானோ துகள்: ஆய்வு மாணவர்களுக்கான வழிமுறை

காவிரி டெல்டாவில் மருந்தியல் பயிலும் மாணவருக்கு, மூளைக்கான மூலிகை என்றவுடன் வாய்க்கால் ஓரத்து வல்லாரை நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் முதல் ஆய்வை மஞ்சளிலுள்ள குர்குமினைக் கொண்டு தொடங்குவதே நல்லது. வல்லாரைச் சாறு பல சேர்மங்களின் கலவை என்பதால், அதில் எது எவ்வளவு மூளையை எட்டியது என்று அளப்பது கடினம். குர்குமினோ தூய நிலையில் கிடைப்பது, சுமார் 425 நானோமீட்டர் அலைநீள ஒளியை நன்கு உறிஞ்சுவது; ஆகவே அதன் அளவை எளிதில் கணக்கிடலாம். பின்னர் வல்லாரைக்கு வரும்போது, செடியின் அடையாளத்தைத் உலர்த்திய செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் போன்ற ஓரிடத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குர்குமின் நீரில் கரைவதில்லை. குடலிலும் கல்லீரலிலும் விரைவாக உருமாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, மூளையின் இரத்த நுண்குழாய்ச் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பொருந்தி நின்று பெரும்பாலான மருந்துகளைத் தடுக்கின்றன. ஆகவே கைட்டோசான் என்ற இயற்கைப் பலபடியால் (பாலிமர்) ஆன நானோ துகளில் ஏற்றி மூக்கின் வழியாகச் செலுத்தும் முறையைப் பரிந்துரைக்கிறேன். நாகப்பட்டினக் கடற்கரையில் மலிந்து கிடக்கும் இறால் ஓட்டிலிருந்தே கைட்டோசானைப் பெறலாம் என்றாலும், முதல் ஆய்வுக்கு மூலக்கூற்று எடை குறிக்கப்பட்ட ஆய்வகத் தரப் பொருளையே வாங்குங்கள்.

ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசானைக் கரைத்து வடிகட்டி, எத்தனாலில் கரைத்த குர்குமினைச் சிறிதளவு சேருங்கள். காந்தக் கலக்கி சுழன்றுகொண்டிருக்க, கைட்டோசானைப் பிணைத்துத் துகளாக்கும் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். எடையில் 3 முதல் 5 பங்கு கைட்டோசானுக்கு 1 பங்கு டிரைபாலிபாஸ்பேட் என்று தொடங்கலாம். கரைசல் மெல்லிய பால்நிறம் கொள்வது துகள் உருவானதன் அறிகுறி. குர்குமின் ஒளியில் சிதையும் என்பதால் குடுவையை அலுமினியத் தாளால் மூடிவையுங்கள்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். துகளுக்குள் செல்லாத குர்குமின் நீரில் கரையாமல் படிந்து, அதிவேக மையவிலக்கில் துகள்களோடு சேர்ந்தே அடியில் தங்கிவிடுகிறது. மேலே தெளிந்து நிற்கும் நீரில் மீந்த மருந்தை மட்டும் அளப்பவர் எல்லா மருந்தும் துகளுக்குள் சென்றதாக எண்ணிக்கொள்வார். முதலில் குறைந்த வேகத்தில் சுழற்றி, துகளுக்குள் செல்லாத குர்குமின் படிகங்களை நீக்குங்கள். பிறகு துகளைக் கரைத்து, உள்ளிருக்கும் மருந்தை நேரடியாக அளவிடுங்கள்.

மூக்கு வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சாதாரணக் கைட்டோசான் இரத்தத்தின் 7.4 என்ற பிஎச் அளவில் கரைதிறன் இழந்து திரள்கிறது. சற்றே அமிலத்தன்மையுள்ள மூக்குச் சளிப்படலத்தில் நேர்மின்னூட்டத்தால் ஒட்டி நிற்கிறது. அங்கிருந்து முகர்வு நரம்பின் பாதையில் மருந்து மூளையை அடையக்கூடும்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பிறகே எலிகளில் சோதிக்க வேண்டும். மனிதர் மூக்கில் ஒரு துளியும் இடக்கூடாது. மூளைத் திசுவை எடுக்கும் முன் இரத்தத்தை உப்புக் கரைசலால் கழுவி வெளியேற்றாவிட்டால், நுண்குழாயில் நின்ற மருந்தையும் மூளைக்குள் சேர்ந்ததாகக் கணக்கிட்டுவிடுவோம். அதே வழியில் அதே அளவில் துகளில்லாத குர்குமினை ஒரு குழுவுக்கும், மருந்தில்லாத வெறும் துகளை இன்னொரு குழுவுக்கும் அளித்து ஒப்பிடுங்கள். எலியின் முகர்வுப் பரப்பு மூக்கின் அளவோடு ஒப்பிட மனிதரைவிட மிகப் பெரியது என்பதை முடிவுகளை எழுதும்போது வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.