டம்ளர் கை தவறினால் பழி நடுக்கத்துக்கா?

பார்க்கின்சன் வந்தவர் டம்ளரைத் தட்டிவிட்டால், வீட்டில் உடனே நடுக்கத்தைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் இந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் தெரியும். எதையாவது எடுக்க நீட்டினால் பலருக்குக் குறைந்துவிடும். மூளையில் அசைவை நடத்த உதவும் டோபமின் என்ற ரசாயனம் குறைவதால் அசைவு மெதுவாகிறது, அளவிலும் சுருங்குகிறது. அந்தக் குறையைக் கண்தான் ஈடுகட்டுகிறது. கையைப் பார்த்துப் பார்த்து நகர்த்துவதால்தான் வேலை நடக்கிறது. இருட்டில் கை பொருளை எட்டுவதற்குள் நின்றுவிடும்.

"வருஷக்கணக்கா பழகின கை, தானா வரும்" என்று நம்புவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. குடியாத்தம் பக்கம் பீடி சுற்றிய அம்மாக்கள் டிவி பார்த்துக்கொண்டே இலையைச் சுருட்டி நூல் கட்டிவிடுவார்கள். இந்த நோய் முதலில் கைவைப்பதே அப்படித் தானாக ஓடும் வேலைகளில்தான். இப்போது ஒவ்வொரு அசைவுக்கும் கண்ணும் கவனமும் வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று "சீக்கிரம்மா, பஸ் போயிடும்" என்று கதை பேசினால் கை இன்னும் தடுமாறும். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும்.

கண்ணை நம்பும் கைக்கு, கண்ணுக்குத் தெரியாதபடி பொருளை வைப்பது அடுத்தது. எவர்சில்வர் தட்டில் எவர்சில்வர் டம்ளர், வெள்ளைத் தட்டில் தயிர்சாதம், மேலே மங்கலான பல்பு. ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பவற்றைப் பிரித்துப் பார்க்கும் திறன் இந்த நோயில் குறையும்; மூக்குக்கண்ணாடி மாற்றியும் அது சரியாகாது. அடர்நிறத் தட்டும் நல்ல வெளிச்சமும் செலவில்லாத வைத்தியம்.

பேங்கில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் அவரைத் திட்டாதீர்கள். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போவது நோயின் குணம். அகலமாகக் கோடு போட்ட தாளில், "பெரிசா எழுதுங்க" என்று நினைவூட்டினால் பலருக்கு எழுத்து நிமிரும்.

அப்புறம், வேலூருக்கு டாக்டரைப் பார்க்கப் போகிற அன்று, ரத்தப் பரிசோதனை இருக்கிறதே என்று சாப்பாட்டோடு பார்க்கின்சன் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் சொல்லாமல் இந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் ஆபத்து. மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்குக் கை மந்தமானது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.