கடாரத்துக்கு இரண்டு நாள்

1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்த கடாரம், இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். சனி காலை சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து பினாங்குக்கு ஒன்றரை மணி நேர விமானம். அங்கேயே கார் எடுத்துவிடுங்கள். பஸ்ஸை நம்பி நான் ஒரு பகலைத் தொலைத்தேன்.

முதலில் மெர்போக் அருங்காட்சியகம். பின்னாலேயே புக்கிட் பத்து பாகாட் கோயில். மரக்கூரை மக்கிப்போய், தூண் தாங்கிய கல்பீடங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டேன், பாசி வழுக்கியது. ரப்பர் செருப்பு வேண்டாம்.

புத்தகுப்தன் என்ற மாலுமியின் பௌத்தக் கல்வெட்டு 1834இல் இந்தப் பக்கம்தான் கிடைத்தது, மூலம் கொல்கத்தாவில். அதை எதிர்பார்த்துப் போய் ஏமாறாதீர்கள்.

ஞாயிறு சுங்கை பத்து: பழைய இரும்பு உலைகள், ஊதுகுழாய்த் துண்டுகள். கெடாவில் ஞாயிறு வேலை நாள், கூட்டம் இருக்காது. கொசு மட்டும் விடுப்பு எடுப்பதில்லை.