ஜப்பானிய இங்கிதத்தை இயல்பான ஆங்கிலமாக்குவது எப்படி?

மியன்மாரில் யாங்கோனை அடுத்த திலாவா சிறப்புப் பொருளாதார மண்டலம் 2015இல் இயங்கத் தொடங்கியது. அங்குள்ள ஜப்பானிய நிறுவனங்களில் மொழிபெயர்ப்பு வேலையை நாடும் நம் இளைஞர்களுக்கு இலக்கணத்தைவிடச் சொல்லாமல் விடப்பட்டதைப் படிப்பதே கடினமாக இருக்கும்.

ஜப்பானிய வாக்கியத்தை முதலில் தமிழிலோ பர்மியத்திலோ நினைத்துப் பாருங்கள். இந்த மூன்று மொழிகளிலும் வினை இறுதியில் வரும். எழுவாயை விட்டுவிடுவதும் இயல்பு. ஆங்கிலம் அப்படி விடாது என்பதால், யார், யாருக்கு, என்ன செய்யவேண்டும் என்பதைத் தனித்தாளில் குறித்துக்கொண்ட பிறகே எழுதத் தொடங்க வேண்டும்.

கூட்டத்துக்கு நாள் குறித்துக் கேட்டதற்கு, 'சோனோ ஹி வா சொத்தோ...' என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'அந்த நாள் கொஞ்சம்...' என்பதோடு அது நின்றுவிடும். ஆனால் அது முழுமையான மறுப்பு. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் அஃப்ரெய்ட் தட் டே டஸ் நாட் வொர்க் ஃபார் அஸ்' என்று முடித்துவிட வேண்டும். புள்ளிகளை அப்படியே வைத்தால், படிப்பவர் மீதிக்காகக் காத்திருப்பார். மரியாதை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம், அதை 'அஃப்ரெய்ட்' என்ற ஒரு சொல்லே சுமந்துகொள்ளும்.

'சசெத்தே இத்தடக்கிமாசு' என்பதில் அனுமதி பெற்றுச் செய்கிறோம் என்ற பணிவு உண்டு. ஆனால் கடைக்கதவில் ஒட்டிய விடுமுறை அறிவிப்பில் அது வந்தால், 'குளோஸ்ட் டுடே' என்பதே போதும். 'தோ ஒமோய்மாசு' என்பதையும் எல்லா இடத்திலும் 'ஐ திங்க்' என்று பெயர்க்கக் கூடாது. உறுதியாகத் தெரிந்ததையும் ஜப்பானியர்கள் அப்படித்தான் மென்மையாக்குவார்கள், ஆங்கிலத்திலோ அது தடுமாற்றமாகத் தொனிக்கும்.

மிகவும் சிக்கலானது 'கென்தோ ஷிமாசு', அதாவது 'பரிசீலிக்கிறோம்' என்பது. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் 'கலந்துபேசிச் சொல்லியனுப்புகிறோம்' என்பதைப்போல, இது உண்மையான பரிசீலனையாகவும் இருக்கலாம், நாசூக்கான மறுப்பாகவும் இருக்கலாம். முன்பின் கடிதங்களைப் பார்த்தும் தெளிவு கிடைக்கவில்லையென்றால், மொழிபெயர்ப்பாளர் தாமே தீர்ப்பெழுதக் கூடாது. 'வீ வில் கன்சிடர் இட்' என்று நடுநிலையாக எழுதிவிட்டு, இது மறுப்பாகவும் இருக்கலாம் என்று மேலாளரிடம் தனியே சொல்லி, பதிலை எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம் என்று எதிர்த்தரப்பைக் கேட்கச் செய்யுங்கள். தேதி சொல்லாமல் நழுவினால், அது பெரும்பாலும் மறுப்புத்தான்.